நகையை வைத்து வண்டி ஓட்டாதீர்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் 12 விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறேன். 2011 மாடல் ஏழு சீட் டீசல் எஸ்யூவி ஒன்றைப் பழசாக வாங்கி ஓட்டுகிறேன். ஒரு வருடமாக பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது. வாரம் ஒருமுறை ஊற்றிச் சமாளித்தேன். இப்போது மெதுவாகத் திருப்பும்போது இறுகுகிறது, உறுமுகிறது. சக்கரத்தைத் திருப்பும் ரேக், ஆயிலைத் தள்ளும் பம்ப் இரண்டையும் புதிதாகப் போட ஷோரூமில் 92,000 கேட்கிறார்கள். கோவையில் ஒரு பட்டறையில் 28,000-க்கு ரீகண்டிஷன் செய்து தருகிறார்களாம். கிளட்ச், டர்போ வேலைக்கு வீட்டுக்காரம்மா நகையை வைத்து வாங்கிய 2 லட்சம், வட்டியோடு சேர்த்து மறுபடி மறுபடி வைத்ததில் 2.4 லட்சமாகிவிட்டது. இப்படியே விற்றால் 3.5 லட்சம், ஸ்டீயரிங் சரியாக இருந்தால் 4.25 போகும் என்கிறார் புரோக்கர். மச்சினன், "இதைத் தள்ளிட்டுப் புது வண்டி எடுங்க மாமா, 15 லட்சம் லோன் உங்க பேர்ல போட்டுக்கலாம், டியூ பாதி நான் கட்டறேன்" என்கிறார். அடுத்த மாதம் தாளவாடியில் அவர்கள் வீட்டு விசேஷம். என்ன செய்யட்டும்?

பதில்: தாளவாடிக்கு இந்த வண்டி வேண்டாம். பண்ணாரி தாண்டினால் திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் பிரஷர் போனாலும் சக்கரம் திரும்பும். ஆனால் அத்தனை பாரத்தையும் உங்கள் கைதான் இழுக்க வேண்டும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, எதிரே லாரி ஒடித்து வரும் வளைவில் அந்தச் சோதனை கூடாது. வேலை முடியவில்லையென்றால் வாடகைக் கார் பிடியுங்கள்.

92,000-க்குத் தலையாட்டும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களே கீழே நின்று பாருங்கள். ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. காய்ந்திருந்தால் ஹோஸ் மூட்டும் பம்ப் சீலும்தான் சந்தேகம். வேலை சின்னதாகவே முடியலாம். டேங்கில் ஆயில் நுரைத்திருந்தால் காற்று இழுக்கிறது, உறுமல் அதனால்தான். பெல்ட் தளர்ந்தாலும் முன் டயரில் காற்று குறைந்தாலும்கூட ஸ்டீயரிங் இறுகும்.

ஆயில் குறைவாக ஓடிய பம்ப் தன்னையே தேய்த்துக்கொள்ளும். அந்த இரும்புப் பொடி ரேக்குக்குள் போகும். அதனால் ரேக்கை மட்டும் சரிசெய்து பயனில்லை. பம்ப்பையும் பிரித்துப் பார்த்து, லைன் முழுக்கக் கழுவி, வண்டிப் புத்தகத்தில் போட்ட ரக ஆயிலையே ஊற்ற வேண்டும். பட்டறையில் இவ்வளவும் அந்த 28,000-க்குள் செய்வதாக, வாரண்டியோடு பில்லில் எழுதித் தந்தால் அங்கேயே கொடுங்கள். தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் வராது.

ஆனால் உங்களைக் கெடுப்பது ஸ்டீயரிங் இல்லை. வண்டி பழுதானால் கை நேராக நகைப் பெட்டிக்குப் போகிற பழக்கம்தான். 2 லட்சம் வாங்கி, அசலில் ஒரு ரூபாய்கூட அடைக்காமல் 40,000 ஏறியிருக்கிறது. 12 சதவீதம் என்று வைத்தாலும் இன்றைய 2.4 லட்சத்துக்கு வருடம் 28,800 வட்டி. அதாவது ஒவ்வொரு வருடமும் ஒரு ஸ்டீயரிங் வேலைக்கான பணம், வண்டிக்கும் சேராமல் வீட்டுக்கும் சேராமல் போகிறது. இந்த 28,000-க்கும் நகை போகக் கூடாது. கூலிப் பணம் வரும் வாரங்களில் பிரித்துக் கொடுங்கள். இரண்டு மாதம் ஆனால் ஆகட்டும், அதுவரை வண்டி வாசலில் நிற்கட்டும்.

புது வண்டி யோசனையைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. 15 லட்சம், 9.5 சதவீதம், 7 வருடம் என்றால் டியூ ஏறக்குறைய 24,500. மொத்தம் 20.6 லட்சம் கட்டுவீர்கள். 'டியூ குறைவு' என்று இப்போது பலூன் திட்டத்தைக் காட்டுகிறார்கள். 5 வருடத்தில் 31,500 வரவேண்டிய டியூ 25,600 ஆகத் தெரியும், கடைசியில் 4.5 லட்சம் மொத்தமாகக் கேட்பார்கள். வட்டி மட்டும் சுமார் 1 லட்சம் கூடுதல். கூலி வருமானத்தில் இருப்பவர் அதைத் தொடவே வேண்டாம். 2022 தொடக்கத்திலும் 2025 மார்ச், ஏப்ரலிலும் கூலி உயர்வு கேட்டு உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் தறி ஓடவில்லை. டியூ தேதி அதற்காகத் தள்ளிப் போகாது.

மச்சினன் பாதி கட்டுவார் என்பது வாய் வார்த்தை. லோனும் ஆர்சியும் உங்கள் பேரில், கடன் மதிப்பெண்ணான சிபிலும் உங்களுடையது. அவர் ஒரு மாதம் தவறினாலும் பேங்க் உங்களைத்தான் கூப்பிடும்; அவர் ஓட்டும்போது விபத்தானாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான். "கடன் என் பேரில் வேண்டாம் மாப்ளே, வேணும்னா உன் பேர்ல எடு" என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரம்மாவைத் தூது விடாதீர்கள். அக்கா தம்பி சங்கடத்தை அவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. ஏற்கெனவே அவர் நகை போயிருக்கிறது.

கணக்கு இப்படிப் போகிறது. 28,000 செலவழித்து 4.25-க்கு விற்றால் கைக்கு 3.97 லட்சம்; இப்படியே தள்ளினால் 3.5. அதனால் வேலை பார்த்தே விற்கலாம். நகைக் கடன் 2.4 போக 1.57 லட்சம் மிஞ்சும். தள்ளிப்போடவும் வேண்டாம். 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் 15 வருடம் முடிகிறது; எஃப்சி என்ற தகுதிச் சான்றைக் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் 5 வருடத்துக்குத்தான். வாங்குபவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்.

வண்டி இல்லாமல் விசேஷத்துக்குப் போவது சங்கடம் என்று நினைப்பீர்கள். முகூர்த்த நாளுக்கு 4,000 வாடகை கொடுத்து வருடம் 15 தடவை போனாலும் 60,000தான். டியூ வருடத்துக்கு 2.94 லட்சம். ஒரு வருடம் அப்படி ஓட்டுங்கள். பிறகு சின்னக் கார் வேண்டுமென்றால் கையிருப்பில் வாங்கலாம்.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆர்சியில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை புரோக்கரைத் தொடருங்கள். பணம் அக்கவுண்டில் ஏறிய அன்றே வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப் போய் நகையை மீட்டுவிடுங்கள்.