பனி விழாத குமரி மலையில் விலங்குத் தடங்களைக் கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி: ரஷ்யா போன்ற நாடுகளில் பனியில் பதிந்த தடங்களை எண்ணியே விலங்குகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்று படித்தேன். பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காட்டில் முதுகலை ஆய்வு தொடங்கப் போகிறேன். பனியே இல்லாத இடத்தில் அந்த முறையைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: அப்படியே பயன்படுத்த முடியாது. ஆனால் பனி அங்கே என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், அதில் பாதியை நம்ம மலையிலும் செய்ய வைக்கலாம்.

பனியில் தடம் தெளிவாகப் பதியும், அது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், புதுப்பனி விழுந்ததும் பழைய தடம் எல்லாம் மூடிப்போகும். மறுநாள் கண்ணில் படுவது எல்லாம் கடந்த 24 மணி நேரத்தில் நடந்தவை. ரஷ்யாவின் குளிர்காலக் கணக்கெடுப்பு இந்த 24 மணி நேரத்தை நம்பித்தான் இருக்கிறது. நாம் நடந்த கோட்டைக் கடந்து போன தடங்களை எண்ணி, அதை 1.57-ஆல் பெருக்கி, கோட்டின் நீளத்தையும் அந்த விலங்கு ஒரு நாளில் நடக்கும் தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை விலங்கு என்று வரும். அந்த நாள் தூரத்தையும் பனியில் தடத்தைப் பின்தொடர்ந்தே அளந்துவிடுவார்கள். இங்கே மிளா, கேழையாடு போன்ற மான் வகைகளை அப்படிப் பின்தொடர வழியில்லை. சருகில் பத்தடி போனால் தடம் மறைந்துவிடும். ஆகவே அந்தச் சூத்திரத்தை விட்டுவிடுங்கள். அந்த 24 மணி நேரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல இடம் அணைக்கரைச் சேறு. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு ஜூன் வாக்கில் தண்ணீர் திறப்பதற்கு முந்தைய கோடை மாதங்களில், பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் நீர் இறங்க இறங்கக் கரையில் புதுச் சேறு வெளிப்படும். மாலையில் நீர்விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். காலையில் குச்சிக்கும் தண்ணீருக்கும் இடையில் பதிந்திருக்கும் தடம் எல்லாம் அந்த ஒரு ராத்திரியில் வந்தவை. கோடை மழை பெய்து நீர் ஏறினால் அன்றைய பதிவு செல்லாது. இன்னொன்று, தண்ணீர் குடிக்க வருகிற விலங்குதான் இங்கே தடம் விடும். இதை வைத்து ‘இந்த விலங்கு இங்கே உண்டு’ என்று சொல்லலாம், ‘இத்தனை உண்டு’ என்று சொல்லக் கூடாது.

காட்டுக்குள்ளே என்றால் கூப்பு ரோட்டில் (மரம் ஏற்றிப் போகப் போட்ட மண் ரோடு) மணல் பட்டை போட வேண்டும். ரோட்டின் முழு அகலத்துக்கு, 5 மீட்டர் நீளத்தில், கல், குச்சி, சருகு எல்லாம் பொறுக்கிவிட்டு, சலித்த மணலை 1 செ.மீ. கனத்தில் பரப்பிப் பலகையால் இழுத்துவிடுங்கள். உள்ளங்கையை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ரேகை தெரிந்தால் ஈரம் சரி. பொலபொலவென்று சரிந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், கையில் ஒட்டினால் கொஞ்சம் உலர விட வேண்டும். மாலை 5 மணிக்குள் வேலையை முடித்துவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 500 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ரோட்டோடு நடந்து போகும் ஒரே விலங்கு எல்லாவற்றிலும் பதியும்.

மாணவர்களின் தரவு பெரும்பாலும் கெட்டுப்போவது மழை பெய்த ராத்திரியில்தான். பட்டை அழிந்திருக்கும், படிவத்தில் ‘0’ என்று எழுதிவிடுவார்கள். ‘0’ என்றால் பட்டை நன்றாக இருந்தது, விலங்கு வரவில்லை என்று பொருள். அழிந்த பட்டைக்கு ‘பார்க்க முடியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டம் இது. ‘0’-ஐயும் ‘பார்க்க முடியவில்லை’ என்பதையும் கலந்துவிட்டால் மழை மாதங்களில் விலங்கே இல்லை என்று பொய்யான முடிவு வரும்.

தடத்தைப் படிக்கும்போது பூனை இனத்தில் நகம் பதியாது, உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பு மூன்று மேடாகத் தெரியும். செந்நாய்க்கும் நாய்க்கும் நகம் பதியும். யானையின் முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும்: 120 செ.மீ. சுற்றளவு என்றால் 240 செ.மீ. இதையும் இளகிய சேற்றில் அளக்காதீர்கள், தடம் விரிந்து யானை பெரிதாகிவிடும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள்.

தடத்தை வைத்துத் தனித்தனி விலங்கை அடையாளம் காண முயல வேண்டாம். நம் நாட்டில் புலியை அப்படித்தான் பல்லாண்டு எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் இருப்பதாகவே கணக்கு வந்துகொண்டிருந்தது. 2005-ல் அங்கே ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில், காட்டில் கட்டிவைத்த தானியங்கிக் காமிராவில் பதியும் புலியின் உடல் வரிதான் ஆதாரம்.

உங்களிடம் அப்படிப்பட்ட காமிரா இருந்தால், தரையிலிருந்து 40–45 செ.மீ. உயரத்தில், பாதையின் நடுவிலிருந்து 3–4 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஒரு புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொன்று வேண்டும். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கும், கொஞ்சம் விலக்கி வையுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்து வைக்காதீர்கள். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலே, சூட்டின் அசைவை உணரும் சென்சார் அதை விலங்கு என்று நினைத்துப் படமெடுத்துக் கார்டை நிரப்பிவிடும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: அடிவாரத்தில் பகல் சூடும் விலங்கின் உடல் சூடும் நெருங்கும்போது சென்சார் எழும்பாமலே போகலாம். மலை மேலுள்ள முத்துக்குழிவயல் உயரத்தில் மூடுபனி லென்ஸில் படிந்து வெள்ளைப் படமாக வரும். காமிராப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் மாற்றுங்கள். மூடியின் ரப்பர் விளிம்பில் எறும்பு முட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். ஒரு முட்டை சிக்கினாலும் மூடி முழுதாக அடையாது, அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போய்விடும். கட்டுமுன் எல்லாக் காமிராவின் தேதியையும் நேரத்தையும் ஒரே கைபேசியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

யானைக்கு லத்தி (சாணம்) எண்ணுவதுதான் இங்கே எளிது. ஆனால் அதிலும் மழை குறுக்கே வரும். லத்தி அடர்த்தியை, அது மட்கிப்போக ஆகும் நாட்களாலும் ஒரு யானை ஒரு நாளில் போடும் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். தென்னிந்தியாவில் பொதுவாக ஒரு நாளைக்கு 16 என்று எடுப்பார்கள். உதாரணத்துக்கு, ஒரு சதுர கிலோமீட்டரில் 1,600 லத்தி, மட்க 100 நாள் என்றால், 1,600-ஐ 100-ஆலும் 16-ஆலும் வகுக்க 1 யானை. அதே இடத்தில் மழையும் சாணவண்டும் சேர்ந்து 50 நாளிலேயே கரைத்துவிட்டால் விடை 2. வேறு காட்டின் மட்கும் நாளைக் கடன் வாங்கினால் உங்கள் முடிவு இரட்டிப்பாகலாம், பாதியாகலாம். கணக்கெடுப்புக்குச் சில மாதங்கள் முன்பே குறைந்தது ஐம்பது புது லத்திகளுக்காவது எண்ணிட்ட குச்சி நட்டு, அவை மறையும்வரை போய்ப் பார்த்துக்கொண்டே இருங்கள். நிழல், வெயில், மூங்கில், ரப்பர் தோட்ட ஓரம் என்று எல்லா இடத்திலும் இருக்கட்டும். ஆய்வின் உழைப்பு முழுக்க இதில்தான், இதைச் சுருக்க வேண்டாம்.

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். எந்த மாதத்தில் வேலை தொடங்க வேண்டுமோ அதற்கு ஆறு மாதம் முன்பே மனு போய்விட வேண்டும். தாமதமானால் கோடை கைவிட்டுப்போகும், அணைக்கரைச் சேற்றுக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டிவரும். இந்த மலையில் வாழும் பழங்குடியினரான காணிக்காரர் ஒருவர் கட்டாயம் உடன் வரட்டும். எந்த ஓடையில் யானை பகலிலும் நிற்கும், எந்தப் பாதை மழையில் வழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர் கூலியைத் திட்டச் செலவில் முதல் வரியிலேயே எழுதுங்கள். தடத்தைப் பார்த்து இன்ன விலங்கு என்று அவர் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் படிவத்தில் தனித்தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள், இரண்டும் மாறுபடுகிற இடத்தில் படத்தை வைத்துப் பிறகு முடிவு செய்யலாம்.