பைண்டிங்கில் 400 கிராம் குறைத்தால் ஏற்றம் சுலபமாகுமா?

சியாட்டிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மூன்று சீசனாக ஸ்ப்ளிட்போர்டில் போகிறேன். பெரும்பாலும் ஸ்னோக்வால்மி கணவாய்ப் பக்கம், எப்போதாவது மவுண்ட் பேக்கர். என் எடை 84 கிலோ. இப்போதுள்ள பைண்டிங் ஜோடி 1.7 கிலோ. 1.3 கிலோவில் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கிறது. கூட வருகிற நண்பர்கள் என்னை எப்போதும் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?"

தெரியும். ஆனால் நண்பர்களை எட்டிப்பிடிக்கும் அளவுக்குத் தெரியாது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ப்ளிட்போர்டு என்பது நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஸ்னோபோர்டு. ஏறும்போது பாதிக்கொன்றாக அடியில் ஸ்கின் (பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டி, பனிச்சறுக்குக் கட்டை போல நடப்போம். மேலே போனதும் ஸ்கின்னை உரித்து, இரண்டு பாதியையும் பூட்டி ஒரே பலகையாக்கி இறங்குவோம். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிதான் பைண்டிங்; இரண்டு வேலைக்கும் அதேதான்.

காலில் கட்டிய எடை முதுகில் சுமக்கும் எடையைவிடப் பல மடங்கு அலுப்பூட்டும் என்று மலைக்காரர்கள் சொல்வது உண்மை. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 10 டிகிரி சாய்வில் 1,000 மீட்டர் உயரம் ஏற, கிட்டத்தட்ட 5.8 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு காலடி 70 சென்டிமீட்டர் என்றால் சுமார் 8,000 காலடி, ஒரு காலுக்கு 4,000. காலுக்கு 200 கிராம் குறைகிறது. பெருக்கினால் 800 கிலோ. கடைக்காரர் இந்த எண்ணைத்தான் சொல்லுவார். அவர் சொல்லாத ஒன்று உண்டு: பைண்டிங்கை விரல் பக்கம் கீல் போல மாட்டியிருப்பதால் முழுசாக மேலே எழும்புவது குதிகால் பக்கம் மட்டுமே, முன்பகுதி பலகையோடு சறுக்கிக்கொண்டுதான் வருகிறது. 800-ஐ அப்படியே நம்ப வேண்டாம்.

அடுத்து, அட்டையில் போட்ட எடை எதன் எடை என்று பாருங்கள். வோலே கம்பெனி காலத்திலிருந்து வரும் முறையில் பலகையில் 'பக்' என்ற பிளாஸ்டிக் துண்டுகளைத் திருகி, அதன்மேல் பைண்டிங்கை நீளவாக்கில் தள்ளி மாட்டுவோம். ஸ்பார்க் ஆர் அண்ட் டி கம்பெனி இன்றும் அந்த வழிதான். பூட்டுவதற்கான பழைய ஊசிக்குப் பதில் முன்னால் ஒரு தகடு 'டக்' என்று விழுந்து பூட்டிக்கொள்ளும். காரகோரம் கம்பெனியின் வழி வேறு: பூட்டும் பாகங்களில் ஒரு பகுதி பலகையிலேயே இருக்கும், பைண்டிங் கையில் இலகுவாகத் தெரியும். எனவே பக், கீல் தாங்கி, திருகு எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். சமையலறைத் தராசே போதும்.

எடையைவிட நான் முதலில் பார்ப்பது ஹைபேக், அதாவது கெண்டைக்காலுக்குப் பின்னால் நிற்கும் தகடு. நடக்கும்போது அது நேர்நிலையையும் தாண்டிப் பின்னோக்கிச் சாய வேண்டும். சாயாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் அதில் முட்டி, அடி குட்டையாகும். ஓரடிக்கு 5 சென்டிமீட்டர் கூடினால் அந்த 8,000-இல் 500 அடிக்கு மேல் மிச்சம். உங்கள் பழைய பைண்டிங்கில் இந்த வசதி இல்லையென்றால், கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். இருந்தால், பணத்தைப் பூட்ஸில் போடுங்கள். காலோடு எழும்புவதில் கனமான பொருள் அதுதான், அதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

மிக மிக இலகுவான மாடல் மட்டும் உங்களுக்கு வேண்டாம். 84 கிலோ, முதுகில் பை, ஈரம் கலந்த கனத்த பனி. எடையைக் குறைக்க அடித்தட்டைக் குடைந்து, ஸ்ட்ராப்பை மெலிதாக்கியிருப்பார்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம் எனக்கு அப்படி ஒன்றில் விரல் ஸ்ட்ராப்பின் பல்வரிசைப் பட்டை கடுங்குளிரில் கீச்சென்று இரண்டானது. கம்பெனி பேர் வேண்டாம். ஸ்கின்களைக் கட்டி வைத்திருந்த ரப்பர் ஸ்ட்ராப்பை பூட்ஸைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, ஒரே பக்கமாகச் சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். அன்று முதல் பையில் ஒரு பல்பட்டை, ஸ்ட்ராப்பை இறுக்கும் ஒரு ராட்செட், நான்கு திருகு, எண் 3 போசிடிரைவ் முனை இருக்கின்றன.

இனி, நண்பர்கள் முந்துவதற்கான காரணம். என் சந்தேகம் பைண்டிங்மேல் இல்லை, பூச்சியத்தை ஒட்டி நிற்கும் உங்கள் ஊர் வெப்பநிலைமேல். பலகையைக் காரின் சூட்டிலிருந்து எடுத்த கையோடு பனியில் வைத்தால் பட்ட பனி உருகி, பிறகு பக்கின் மேலும் பைண்டிங்கின் அடியிலும் ஐஸாகிவிடும். மேலே போய் மாற்றும்போது பைண்டிங் உள்ளே போகாது. நண்பர்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை நீங்கள் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். இறங்கியதும் பலகையைக் கால்மணி நேரம் வெளியே ஆறவிடுங்கள். பக்கில் கொஞ்சம் மெழுகு தேய்த்து வையுங்கள். சுரண்ட ஒரு பழைய ஏடிஎம் அட்டை. செலவே இல்லை.

உண்மையிலேயே எடைதான் முக்கியம் என்றால் ஹார்ட்பூட், அதாவது கடினமான பிளாஸ்டிக் ஓடு கொண்ட பூட்ஸ் பக்கம் போக வேண்டும். ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980களில் ஸ்கீக்காக உருவாக்கிய ஊசிமுனைப் பிடி, பூட்ஸின் முன்நுனியை இரு பக்கமும் கவ்வும். ஃபாண்டம் போன்ற ஹார்ட்பூட் பைண்டிங்குகளில் ஏறும்போது பைண்டிங் பைக்குள் போய்விடும், காலோடு எழும்புவது பூட்ஸ் மட்டும். உறைந்த சரிவில் குறுக்கே நடக்கப் பிடிமானமும் அருமை. ஆனால் பூட்ஸ், பைண்டிங் இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும், பஞ்சுப் பனியில் கணுக்காலை வளைத்து விளையாடும் சுகமும் குறையும். வருடத்துக்குப் பத்து நாள் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

புதிதாக எதை வாங்கினாலும் முதல் இரண்டு பயணத்துக்குப் பின் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள். திருகு இளகாமலிருக்கப் பூசும் பசைகளில் சில, பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். தயாரிப்பாளர் சொன்ன வகையை மட்டும் பூசுங்கள். கீலில் பக்கவாட்டு ஆட்டம் தெரிந்தால் அதன் உள்வளையத்தை மாற்றுங்கள். ஆடும் கீலோடு ஐஸ் சரிவில் குறுக்கே போனால் பலகையின் விளிம்பு பிடிக்காது.