காய் வெந்த தண்ணீர் சாப்பாடு ஆகாது

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு ஏழு மாதம். ஆறு மாதம் முடிந்ததிலிருந்து கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு வேகவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொடுக்கிறேன். அத்தை பருப்புத் தண்ணீர் கொடுக்கிறார். நன்றாகக் குடிக்கிறான். ஆனால் அங்கன்வாடியில் போன மாதம் போட்ட எடையும் இந்த மாதம் போட்டதும் ஒன்றாகவே இருக்கிறது. காயை மசித்துக் கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளுகிறான். வீட்டில் போர் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அடுத்த மாதம் நான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: உங்கள் பையன் நன்றாகக் குடிக்கிறான் என்பதுதான் இங்கே சிக்கலே. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு நேரத்துக்குச் சுமார் 200 மில்லி கொள்ளும், அவ்வளவுதான். அதில் பாதியைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் தாய்ப்பாலுக்கும் இடம் குறையும், சாப்பாட்டுக்கும் இடம் இருக்காது. தாய்ப்பால் தாராளமாகக் குடிக்கும் குழந்தைக்கே இந்த வயதில் வெளி உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. 100 கிராம் கேரட்டை முழுசாகச் சாப்பிட்டாலே 40 கலோரிதான். அதை வடித்த தண்ணீரில் என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கேரட்டில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து தண்ணீரில் கரையாது. வடிகட்டும்போது அது சக்கையிலேயே தங்கிவிடும். பருப்பிலும் புரதம் அடியில் இருக்கும் பருப்போடுதான் போகிறது. மேலே தெளிந்த தண்ணீர் குழந்தைக்கு, அடியில் இருப்பது நமக்கு என்று பிரித்தால் சத்தெல்லாம் நம் தட்டுக்குத்தான் வரும். என் மூத்த பெண்ணுக்கு நானும் ஒரு மாதம் இப்படித்தான் பருப்புத் தண்ணீர் ஊட்டினேன், படித்த படிப்பெல்லாம் அம்மாவின் அதட்டலுக்கு முன்னால் நிற்கவில்லை. அதனால் உங்கள் அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, தோல் சீவிய மஞ்சள் பூசணித் துண்டுகள் ஒரு கைப்பிடி. அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவைத்து, எல்லாவற்றையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கி ஒரு விரல் மேலே நிற்கும் அளவு தண்ணீர் விட்டு, குக்கருக்குள் வைத்து ஐந்து விசில் விடுங்கள். வெளியே எடுத்துப் பருப்பு மத்தால் கடையுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி நெய். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. ஒரு தேக்கரண்டி நெய்யில் மட்டும் 45 கலோரி இருக்கிறது. பூசணியின் மஞ்சள் சத்து உடம்பில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். நெய் இல்லையென்றால் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் சரி.

பதம் முக்கியம். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது. மெதுவாக, மனசே இல்லாமல் வழுக்கி விழ வேண்டும். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும் என்பதால் நான் மத்தைத்தான் சொல்வேன். மிக்ஸிதான் வசதி என்றால் ஜாடியின் மூடியிலிருக்கும் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். காலையில் அரைத்த சட்னியின் மிளகாய் விதை ஒன்றாவது அங்கே உட்கார்ந்திருக்கும். "திடீரென்று வீறிட்டு அழுதான், பூசணி ஒத்துக்கொள்ளவில்லை" என்று என்னிடம் வந்த ஒரு வீட்டில் உண்மையான குற்றவாளி அந்த ரப்பர்தான்.

பூசணி பழகியதும் கேரட், உருளைக்கிழங்கு, சுரைக்காய், பீர்க்கங்காய், தோலும் விதையும் நீக்கிய தக்காளி என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். புதுக் காய் ஒன்று கொடுத்தால் அடுத்த புதுசுக்கு இரண்டு மூன்று நாள் விடுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அவரைக்காய்க்கு நார் உரித்துவிடுங்கள். மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி, குழைய வேகவைத்தால் எட்டாவது மாதத்தில் கொடுக்கலாம்.

கீரையைத் தனியாகச் செய்யவே வேண்டாம். நம் ஊரில் களிக்குக் கீரை கடையாத வீடு எது? பருப்பும் கீரையும் வெந்ததும், மிளகாயும் உப்பும் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டால் குழந்தையின் பங்கு தயார். முருங்கைக்கீரையானால் காம்பை ஒன்றுவிடாமல் ஆய்ந்து எடுங்கள், தொண்டையில் சிக்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஏறாது. தக்காளியோ இரண்டு சொட்டு எலுமிச்சையோ சேர்த்தால் கூடுதலாக ஏறும். அப்படியும் இந்த வயதுக்குத் தேவையான இரும்பு காய்கறியிலிருந்து மட்டும் கிடைத்துவிடாது. வாரம் இரண்டு முறை 1 மில்லி என்று அரசு தரும் இரும்புச்சத்து சிரப்பைக் கிராமச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைத் துளி துளியாக இப்போதே ஆரம்பிக்கலாம்.

கேழ்வரகு வீட்டில் நிச்சயம் இருக்கும். முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவாக இருந்தால் ரொம்ப நல்லது. முளைத்த தானியம் கஞ்சியை இளக்கிவிடும், அதனால் அதே தண்ணீரில் கூடுதல் மாவு போடலாம். சின்ன வயிற்றுக்கு வேண்டியது அதுதான். அதில் மசித்த கேரட்டைக் கலந்து கிண்டுங்கள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மட்டும் இப்போது வேண்டாம். வெறும் மாவுச்சத்துதான், சரியாக வேகாவிட்டால் நஞ்சும் உண்டு.

இப்போது தண்ணீர் விஷயம். நீங்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-க்கு மேல் போகவே கூடாது. 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாகும். பால்பல் விழுந்த பிறகு முளைக்கப்போகும் முன்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருப்பது இந்த வயதில்தான். பழுப்புக் கறை ஏறிய பற்களை நம் பக்கம் பார்க்காதவர்கள் உண்டா? தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு என்பதால் ஆறு மாதம் வரை பையனுக்குப் பாதுகாப்பு இருந்தது. இனி அவன் சாப்பாட்டுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே தனியாக மூடிய பாத்திரத்தில் பிடித்துவைத்து, காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போதும். தண்ணீர் வராத நாளில் காயை இட்லிச் சட்டியில் ஆவியில் வேகவையுங்கள். அடியில் இருப்பது போர் தண்ணீராக இருந்தாலும் ஃப்ளோரைடு ஆவியோடு மேலே ஏறாது.

துப்புவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இத்தனை நாள் சப்பிக் குடித்த நாக்கு, வாய்க்குள் வரும் கெட்டியானதை வெளியே தள்ளத்தான் செய்யும். தண்ணீராகவே கொடுத்து வந்ததால் அவனுக்கு இது பழகவில்லை. ஒரு காயை எட்டு, பத்து முறையாவது வெவ்வேறு நாளில் கொடுத்துப் பார்க்காமல் பிடிக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஊட்டுங்கள். வாயை மூடிக்கொண்டால் அந்த வேளைக்கு அவ்வளவுதான், மூக்கைப் பிடித்து ஊட்டும் வேலை வேண்டாம். குமட்டி, இருமி, முகம் சிவந்தால் அவனே சமாளித்துவிடுவான். சத்தமே வராமல் திணறினாலோ உதடு நீலமானாலோ அடைப்பு. உடனே குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு தட்டுங்கள், கூடவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை இரண்டும் அவன் கைக்கு எட்டவே கூடாது.

முதலில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி, பிறகு மெல்ல ஏற்றி அரை டம்ளர், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் எப்போதும் போல.

ஒரு வாரத்துக்குச் செய்துவைப்பது வேண்டாம். காலையில் செய்ததை ஆறியதும் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அதற்கு மேல் நம்ப முடியாது. கீரையும் பீட்ரூட்டும் அப்போதைக்கப்போது மட்டும். வைத்திருந்தால் அவற்றிலுள்ள நைட்ரேட் குழந்தைக்கு ஆகாத பொருளாக மாறும். எச்சில் ஸ்பூன் பட்ட மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வேலை நாளில் உதவும் ஒரு வழி: அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து ரவையாக உடைத்து டப்பாவில் வைத்துவிட்டுப் போங்கள். அத்தை காயை மட்டும் நறுக்கிப் போட்டால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அங்கன்வாடி சத்துமாவையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அதில் வெல்லம் இருப்பதால் தினமும் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம்.

இந்த வயதில் ஆண் குழந்தைக்கு மாதம் சுமார் 300 கிராம் ஏற வேண்டும். கெட்டிச் சாப்பாடு தொடங்கி மூன்று வாரம் கழித்து அதே அங்கன்வாடியில், அதே தராசில், உடுப்பைக் கழற்றி எடை பாருங்கள். அப்போதும் அசையாமல் இருந்தாலோ, இடையில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தாலோ, எடை அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.