‘அருகில்’ என்றால் எவ்வளவு தூரம்?

சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் எழுதுவது. இந்த வாரமும் அதே கதைதான்: தங்கப் போன இடத்தைப் பற்றிய புலம்பல்.

கேள்வி: விளம்பரத்தில் ‘தானா ராத்தா அருகில்’ என்று போட்டிருந்தார்கள். இரண்டு இரவுக்கு 680 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் டெப்பாசிட் 200 வெள்ளி. பதினொரு பேர் வேனில் போனோம். வீடு ரிங்லெட்டில் இருந்தது. மூன்று குளியலறையில் ஒன்றில்தான் சுடுநீர். மெத்தை ஈரம், சுவரெல்லாம் பூஞ்சணம். வாடகைக்கு விட்டவரைக் கேட்டால், “மலையில அப்படித்தான்” என்கிறார். சுவர்க்கறை எங்களால் வந்ததாம், டெப்பாசிட்டும் கிடையாதாம். என்ன செய்யலாம், அக்கா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் அந்த ‘அருகில்’. இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலை ஒரே ஊர் இல்லை, ஒற்றைச் சாலையில் வரிசையாகக் கோத்த ஊர்கள். நாம் சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் முதலில் கம்போங் ராஜா, அப்புறம் திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா. ரிங்லெட் கடைசியில்தான் வரும். தாப்பா பக்கமிருந்து ஏறுகிறவர்களுக்கு அது முதல் ஊர், நமக்கோ கடைக்கோடி. தானா ராத்தாவிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. விடுமுறை நாளில் கியா ஃபார்ம் சந்தை முன்னால் ஒருத்தர் சோளம் வாங்கக் காரை ஓரம் கட்டினால் போதும், பின்னால் வருகிற அத்தனை வண்டியும் நிற்கும். அந்த நெரிசலையும் தானா ராத்தாவையும் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய வீட்டுக்கு ‘அருகில்’ என்று பெயர்! ரிங்லெட் உயரத்திலும் குறைவு, தானா ராத்தா குளிர் அங்கே இருக்காது. ஆக, நீங்கள் காசு கொடுத்த குளிரும் வரவில்லை.

வீட்டு மனை விற்கிறவர், கல்யாண மண்டபக்காரர், டியூஷன் நடத்துகிறவர், எல்லார் வாயிலும் இந்த ‘அருகில்’தான். கிலோமீட்டரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: “லொக்கேஷன் அனுப்புங்க.” அனுப்பத் தயங்குகிறவருக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஈரம் மலையின் குணம், ஒப்புக்கொள்கிறேன். பனி இறங்கும் இடத்தில் துணி காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். ஆனால் மெத்தையை வெயில் வந்தபோது காயப்போடாததும், சுவரைத் துடைக்காததும் மலையின் குற்றமா? சுடுநீர் கதை எனக்கும் தெரியும். பிரிஞ்சாங்கில் ஓர் அப்பார்ட்மெண்டில் தங்கினேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ஓடுகிற நீரை அப்போதே சூடாக்கும் அந்த வகை ஹீட்டருக்குப் போதுமான நீரோட்டம் இருந்தால்தான் சூடேறும். சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. தலை முழுக்க ஷாம்பூவோடு நான் நின்ற நிலையை இங்கே எழுத முடியாது. இப்போதெல்லாம் போனதும் பெட்டியைத் திறக்குமுன் எல்லாக் குழாயையும் திறந்துவிடுவேன்.

சரி, பணத்துக்கு வருவோம். விளம்பரம், வாட்சாப் பேச்சு, பணம் கட்டிய ரசீது, பூஞ்சணத்தின் படங்கள், எதையும் அழிக்காதீர்கள். டெப்பாசிட்டையும் வாடகையில் ஒரு பகுதியையும் திருப்பித் தரச் சொல்லி, நாள் குறித்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், அதாவது திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம், இணையத்திலும் பதியலாம். தீர்ப்பு வந்து 14 நாளில் அவர் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். எதிராளியின் பெயரும் முகவரியும் மட்டும் சரியாக வேண்டும். கோப்பிக் கடையில் பத்துப் பேரிடம் சொல்லி அழுகிறோமே, அந்தக் கோப்பிக் காசைவிடவா இந்த 5 வெள்ளி அதிகம்? நீங்கள் போங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கேள்வி: ‘காட்சி அறை’ என்று 40 வெள்ளி கூடுதலாக வாங்கினார்கள். இரண்டு நாளும் பனிமூட்டம், ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 40 வெள்ளியைக் கேட்கலாமா?

பதில்: பனியிடம் கேளுங்கள். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்துச் சுவர் இருந்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: விடுதியில் ஆளுக்குச் சுற்றுலா வரி என்று இரவுக்கு 10 வெள்ளி சேர்த்துவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள்.

பதில்: மலேசியக் குடிமக்களுக்கு அந்த வரி கிடையாது. வெளிநாட்டவருக்கும் அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை. மைகார்டு அடையாள அட்டையைக் காட்டி அங்கேயே நீக்கச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ரசீதோடு திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: டிசம்பருக்குப் பதில் நவம்பர் என்று அழுத்திவிட்டேன். ‘பணம் திரும்பாது’ என்று கீழே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. விடுதி மேல் புகார் செய்யலாமா?

பதில்: எதற்கு?

கேள்வி: ஃபேஸ்புக்கில் நாலு அறை பங்களா, இரவுக்கு 150 வெள்ளி என்று பார்த்து, தனிநபர் கணக்குக்கு 450 வெள்ளி போட்டேன். பிள்ளைகளோடு போய்க் கதவைத் தட்டினால், வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரியவில்லை. விளம்பரம் கொடுத்தவன் எண்ணை அடைத்துவிட்டான்.
(செம்பனைத் தோட்டத் தொழிலாளி)

பதில்: தம்பி, வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் வாசலில் நின்றிருக்கிறீர்கள். வங்கிக்கும், பண மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் உடனே அழையுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். பணம் கைமாறுவதற்குள் அழைத்தால்தான் தடுக்க வாய்ப்பு அதிகம், அதனால் இதைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: யாருக்குப் பணம் போடுவதானாலும் அந்தக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். அதில் இல்லாததால் நல்லவன் என்று ஆகிவிடாது. விடுமுறைக் காலத்தில் நாலு அறை பங்களா 150 வெள்ளிக்குக் கிடைத்தால் நானே அங்கே குடிபோயிருப்பேன்.

கேள்வி: பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் குளிர் ஜாக்கெட் மலிவாமே, வாங்கலாமா அக்கா?

பதில்: 35 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். கீழே இறங்கி சிம்பாங் பூலாய் வருவதற்குள் ஜிப் கையோடு வந்துவிட்டது. சுங்கை சிப்புட் வெயிலில் அதை எங்கே போடுவது என்று வாங்கும்போது யோசிக்கவும் இல்லை. இப்போது எங்கள் வீட்டுப் பூனை அதில்தான் குட்டி போட்டிருக்கிறது.