கோழி எருவில் பாய்லர் ஓடுமா?

கேள்வி: சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஒரு முட்டைப் பண்ணையின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். மட்கிய கோழி எருவை பாய்லரில் எரித்து, கழுவுவதற்கு வெந்நீரும் குஞ்சுக் கூடத்துக்குச் சூடும் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் நன்றாக மட்கிய எருவை எரிக்காதீர்கள். மட்கும்போது நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பது நீங்கள் எரிக்க நினைக்கும் அதே கரிமப் பொருளைத்தான். கடைசியில் மிஞ்சுவதில் சாம்பலின் பங்கு கூடிவிடும். குவியலில் எழும் சூட்டைக் காயவைக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டு, பாதியில் நிறுத்திவிட வேண்டும்.

பச்சை எச்சத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் நீர். அது தானாக எரியாது. மரச் சீவலைக் கலந்து ஈரத்தை 60 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, கூரைக்கு அடியில் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமல் குவியுங்கள். அடியில் துளைக் குழாய் போட்டு காற்று ஊதுங்கள். உள்ளே 55 முதல் 65 டிகிரி நிற்க வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் ஈரம் 30க்கு இறங்கும். பிறகு மெல்லிதாகப் பரப்பினால் 25. கண்ணால் மதிப்பிடாதீர்கள்: 100 கிராம் எடுத்து 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து எடை போடுங்கள்; குறைந்த கிராம்தான் ஈர விழுக்காடு. நம்மூர் மழையில் திறந்த வெளியில் காயவைப்பது வீண் வேலை.

இனி கணக்கு. 2,000 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 70க்கு ஏற்ற ஏறக்குறைய 98 கிலோவாட்-மணி வேண்டும். 25 விழுக்காடு ஈரமுள்ள எரு, பாய்லர் இழப்பு போக, கிலோவுக்கு சுமார் 1.75 கிலோவாட்-மணி தரும். ஆக நாளுக்கு 56 கிலோ, அதாவது ஏறக்குறைய 1,600 கோழிகளின் எச்சம். சாம்பல் மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டும்.

வம்பு அந்தச் சாம்பலில்தான். பொட்டாசியமும் சோடியமும் நிறைந்த சாம்பல் சூடு கூடினால் இளகி, எரு எரியும் தட்டில் கல்லாகக் கட்டிக்கொள்ளும்; எருவிலுள்ள குளோரின் பாய்லர் குழாயை அரிக்கும். அதனால் அசையும் தட்டுள்ள பாய்லரே வாங்குங்கள். தட்டுக்கு அடியில் ஊதும் கீழ்க்காற்றைக் குறைத்து, தீக்கு மேலே ஊதும் மேல்காற்றைக் கூட்டினால் தட்டு அதிகம் சூடாகாது, மேலே வாயு மட்டும் 850 டிகிரியில் முழுதாக எரியும். பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்ச் சுவரில் அமில ஈரம் படியும். அந்த நீரில் வெந்நீரைக் கலந்துவிடும் கலப்பு வால்வு போடுங்கள். தீவனச் சாக்கின் நைலான் நூலும் இறகும் பாய்லருக்கு எருவை ஊட்டும் திருகில் சுற்றிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும், முன்னதாகச் சல்லடை வையுங்கள். காய்ந்த எருவை உயரமாகக் குவித்தால் உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கலாம்.

குஞ்சுக் கூடத்துக்கு முதல் வாரம் 32 முதல் 34 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைப்பு. நம்மூரில் இது பெரும்பாலும் இரவுச் செலவுதான், அதுவும் இரண்டு மூன்று வாரம். அதை நம்பி மட்டும் பாய்லர் வாங்காதீர்கள். மேலே சொன்ன வெந்நீரை, காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் வெப்பப் பம்பு ஏறத்தாழ 28 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். சிறிய பண்ணைக்கு என் ஓட்டு அதற்கே. எருவை அகற்றவே காசு செலவாகிற பெரிய பண்ணைக்குப் பாய்லர் பொருந்தும்.

வாங்குமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் எரிகலனுக்கும் புகைபோக்கிக்கும் அனுமதி கேளுங்கள். தூசி வடிகட்டும் பைகள் இல்லாமல் வரைபடத்தைக் கொண்டுபோகாதீர்கள். நீராவி பாய்லரானால் மனிதவள அமைச்சில் பதிவும் வேண்டும். வெந்நீர் மட்டும் போதுமென்றால், அழுத்தமில்லாத திறந்த வகையை முதலில் விசாரியுங்கள்.