என் வேண்டுதல் பலித்தது, அவளுடையது?

அன்புள்ள மேடம்,

எனக்கு 42 வயது. அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார். ஆர்டர் குறைந்து பட்டறையை மூடிவிட்டார்கள். பதினான்கு மாதம் நிலையான வேலை இல்லை. பெண் பிளஸ் டூ, பையன் எட்டாவது. என்னுடைய எட்டு சவரனும் அடகுக்குப் போனது. வட்டி நின்று ஏல நோட்டீஸ் வந்த அன்று, ஸ்கூலிலிருந்து வந்த பையன்தான் அதைத் தபால்காரரிடம் வாங்கி, "அம்மா, உனக்கு லெட்டர்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணின் கணவரும் அதே பட்டறைதான். அவள்தான், "அக்கா, மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் போகலாம், வாங்க" என்று கூப்பிட்டாள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் போக முடிந்தது. பூந்தமல்லியில் பஸ் மாறி, வெள்ளிக்கிழமை தவறாமல், ஆளுக்கு எலுமிச்சம்பழத்தோடு போனோம். ஐந்தாவது வாரம் என் நாத்தனார் தானாகவே சீட்டு எடுத்து 50,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். நகை ஏலத்துக்குப் போகவில்லை. ஆறாவது வாரம் முடிந்த நான்காம் நாள் கணவருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. நான் பூஜை அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாதான் செய்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மாடி வீட்டுக்காரருக்கு இன்னும் சரியான வேலை அமையவில்லை. அவள் படியில் இறங்கும் சத்தம் கேட்டாலே நான் உள்ளே போய்விடுகிறேன். ஐந்தாவது வாரம் கோயிலுக்கு அவள் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்த தூக்கு இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூட எனக்கு முகம் இல்லை. என்னைக் கூட்டிப்போனவளை விட்டுவிட்டு அம்மன் எனக்கு மட்டும் ஏன் கொடுத்தாள்? நான் என்ன உசத்தி?

இன்னொன்றும் இருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. சந்தோஷமாக இருந்தால் இதுவும் போய்விடுமோ என்று பயம். வெள்ளிக்கிழமை விரதம் போதாதென்று செவ்வாயும் சேர்த்துக்கொண்டேன். பெண்ணுக்குப் பிறந்தநாள் துணி எடுக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் இப்படிப் பயந்து நடுங்குகிறேனே, இது நன்றிகெட்டத்தனமா மேடம்?

அம்பத்தூர் வாசகி

*

அன்புள்ள சகோதரி,

இல்லை. நன்றி இல்லாதவர் எட்டு மாதம் கழித்து ஒரு தூக்கை நினைத்துக் கலங்கமாட்டார்.

முதலில் உங்கள் சந்தோஷத்தில் நானும் கலந்துகொள்கிறேன். நகை மீண்டது, வேலை வந்தது, நீங்கள் அழுதீர்கள். அந்த அழுகை சுத்தமானது. அதற்குப் பிறகு வந்த பயத்தை அதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆராய்ச்சியாளர்கள் சில அறிவுச் சோதனைகள் செய்தார்கள். 2013-இல் அது வெளியானது. அறுவடைக்கு முன்பு, கையில் காசு இல்லாதபோது ஒருமுறை. கரும்புப் பணம் வந்த பிறகு ஒருமுறை. அதே ஆட்கள்தான், ஆனால் பணமுடை இருந்தபோது அவர்களால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியவில்லை. பணக்கவலை மனத்தின் இடத்தை அப்படி அடைத்துக்கொள்கிறது. உங்களுக்கு அது பதினான்கு மாதம் அடைத்திருந்தது. தவணை, வட்டி, நோட்டீஸ், கெடு என்ற நான்கு வார்த்தைகளிலேயே மனது ஓடிப் பழகிவிட்டது. சம்பளம் வந்த அன்றே அது மாறிவிடாது.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. அம்மனிடமும் இப்போது நீங்கள் அந்த அடகுக்கடைப் பாஷையில்தான் பேசுகிறீர்கள். செவ்வாய் விரதமும், எடுக்காத துணியும், அடக்கிய சந்தோஷமும், ஏலத்துக்குப் போகாமல் இருக்க மாதாமாதம் கட்டும் வட்டி மாதிரி இருக்கின்றன. யாரை அம்மா என்று கூப்பிடுகிறீர்களோ, அவள் உங்கள் பெண்ணின் பிறந்தநாள் துணியையா வட்டியாகக் கேட்பாள்? வெள்ளிக்கிழமை விரதம் உங்களுக்கு நிம்மதி தருகிறதென்றால் இருங்கள். செவ்வாய் பயத்தில் தொடங்கியது, அதை விட்டுவிடலாம். பெண்ணுக்கு இந்த மாதமே துணி எடுங்கள், அவளையே கூட்டிப்போய்.

தூக்கம் மட்டும் தள்ளிப்போட வேண்டிய விஷயம் இல்லை. இப்படியே தொடர்ந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மனது ரொம்ப அழுத்தும் நேரத்தில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், உங்களுக்கு ஏன், அவளுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி. எனக்குப் பதில் தெரியாது சகோதரி. தெரிந்த மாதிரி சொல்பவர்களை நம்பாதீர்கள், முக்கியமாக அவளுடைய பக்தியில் குறை தேடுகிறவர்களை. நீங்கள் ஆறு வாரம் போய் நின்றது யார் முன்னால் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்து அக்கினிக்கு நடுவே ஒற்றைக்காலில் தவம் நின்றவள் என்றுதானே மாங்காட்டுக் காமாட்சியைச் சொல்கிறோம்? காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்த தெய்வம் அது. அங்கே காத்திருப்பவள் தோற்றவள் ஆகமாட்டாள், கிடைத்தவள் உசத்தியும் ஆகமாட்டாள்.

உங்கள் தோழியை நினைத்துத்தான் எனக்கு அதிக வருத்தம். அவளுக்கு வேலையும் வரவில்லை, கூட வந்த அக்காவும் போய்விட்டாள். நீங்கள் குற்ற உணர்ச்சியில் ஒதுங்குகிறீர்கள், சரி. ஆனால் மாடியிலிருந்து பார்க்கும்போது அது எப்படித் தெரியும்? "வசதி வந்ததும் மறந்துவிட்டார்கள்" என்றுதான் தெரியும்.

போய்ப் பேசுங்கள். "நீயும் இன்னொரு ஆறு வாரம் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நீ கூப்பிட்டதால்தான் நான் வந்தேன். எனக்குக் கிடைத்ததும் உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, அதனால் ஒதுங்கினேன், தப்புதான்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று உங்கள் கணவர் விசாரிக்க முடியுமானால் அதையும் செய்யச் சொல்லுங்கள், ஆனால் வாக்குறுதி வேண்டாம். உங்கள் நாத்தனாருக்கும் ஒரு போன் போட்டு, அந்த நோட்டீஸ் வந்த நாளையும் பையன் சிரித்ததையும் சொல்லுங்கள். தன் 50,000 ரூபாய் எதைத் தடுத்தது என்று அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது நம் வழக்கம். அது பரணிலேயே இருந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, அன்று வீட்டில் என்ன சமைத்தீர்களோ அதை நிறைய வைத்து மூடி, மாடிப்படி ஏறுங்கள்.