பள்ளி முதல்வர் நாற்காலிக்காகக் கடன் வாங்காதீர்கள்

அம்மா, நேற்று மகளோடு வந்திருந்தீர்கள். ஆறு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறார். "இன்னும் வெறும் டீச்சர்தானா? கல்வி நிர்வாகம் படித்தால் சீக்கிரம் முதல்வராகிவிடலாமே" என்று உறவினர்கள் சொன்னதை நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள். அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் படிப்புக்குக் கடன் வாங்குவதற்கு நான் ஒப்பமாட்டேன். பட்டம் விண்ணப்பிக்க உதவும். ஆசிரியர் அறையில் மதிப்பைப் பெற்றுத் தராது. முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பவர்கள், எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியரைக் கடிந்துகொள்பவர்கள் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் நல்ல ஆசிரியர்கள் அவர்களிடம் தங்குவதில்லை.

மகளின் பள்ளியில் பாட ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு காலியாக இருக்கிறது. சம்பளம் உயராது என்பதால் யாரும் கேட்கவில்லையாம். அதைத்தான் கேட்கச் சொல்கிறேன். வாரம் ஒரு சக ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் 15 நிமிடம் உட்கார வேண்டும். தீர்ப்பு எழுதக் கூடாது. எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று கண்டதை மட்டும் குறிக்க வேண்டும். அன்றே தனியாகப் பேச வேண்டும்; முதலில் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, மாற்ற வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அவரைத் தன் வகுப்புக்கு அழைத்துத் தன் குறையைக் கேட்க வேண்டும். தன்னைவிட மூத்தவரிடம் இதைச் செய்யும்போது குரல் நடுங்கும், அது பரவாயில்லை. கோபத்தோடு வரும் பெற்றோர் முன் ஆசிரியரைக் கைவிடாமலும் தவற்றை மூடி மறைக்காமலும் பேசுவது எப்படி என்பதும் இங்கேதான் பழகும்.

நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் இரு சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளை ஒருசேர அலசி 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளித் தலைமை செய்பவற்றில், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தானும் அதில் பங்கேற்பதே மாணவர்களின் தேர்ச்சியோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தது. நான் சொல்லும் பொறுப்பின் அன்றாட வேலையே அதுதான்.

இன்னொன்று. "வகுப்பை விட்டுப் போக மனமில்லை" என்று மகள் தொடங்கியபோது நீங்கள் குறுக்கிட்டீர்கள். அதைப் பயம் என்று எண்ணாதீர்கள். ஆறு ஆண்டு அனுபவத்திலிருந்து பேசுகிறார். உறவினர்கள் வட்டி கட்டப் போவதில்லை, அந்த நாற்காலியில் உட்காரப் போவதும் இல்லை.

கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள். இந்த வாரமே மகள் அந்தப் பொறுப்பைக் கேட்கட்டும். ஓராண்டு கழித்து மறுபடி வாருங்கள். முதல்வராக விருப்பமா என்று அன்று நான் கேட்பேன். அவர் மட்டும் பதில் சொல்லட்டும்.